தொலைபேசி எண்ணும் தரைமட்டமும்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்கிறது. அதை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்றும் 31ஆம் பிரிவில் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று ஒரு பருவமே உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் தொடங்கிவிடும். மாற்றலாகிப் போன அதிகாரியின் பெயர் நீக்கப்பட்டு, வந்தவரின் பெயரும் கைபேசி எண்ணும் ஏறும். எத்தனை மோட்டார் பம்பு, எத்தனை படகு, எத்தனை மரம் அறுக்கும் இயந்திரம், எந்தப் பள்ளியில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்ற பட்டியல்கள் சரிபார்க்கப்படும். அக்டோபருக்குள் திட்டம் புதுப்பிக்கப்பட்டதாகக் கோப்பு முடியும்.

இதைக் கேலி செய்வது எளிது, நியாயமில்லை. வெள்ளம் வந்த இரவில் சரியான எண்ணில் சரியான ஆள் போனை எடுப்பதே பல உயிர்களைக் காப்பாற்றும். ஆனால் இது மீட்புக்கான தயாரிப்பு. பேரிடர் அபாயத்தைக் குறைப்பது வேறு வேலை. படகு தேவைப்படும் தெருக்கள் அடுத்த ஆண்டு குறைய வேண்டும் என்று முடிவெடுப்பது அது. சென்னையை எடுத்துக்கொண்டால், அந்த முடிவுகள் இந்தக் கோப்பில் எழுதப்படுவதே இல்லை. அவை வேறொரு அலுவலகத்தின் வேறொரு கோப்பில், பருவம் பார்க்காமல், ஆண்டு முழுவதும் எழுதப்படுகின்றன.

முதலில் திட்டம் எதை அபாயம் என்று எண்ணுகிறது என்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் திட்டங்களில் வெள்ளம் பாதிக்கும் இடங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஐந்தடிக்கு மேல் தண்ணீர் நின்ற இடம் மிக அதிகம் பாதிக்கக்கூடியது. மூன்றிலிருந்து ஐந்தடி என்றால் அதிகம், இரண்டிலிருந்து மூன்றடி என்றால் மிதம், இரண்டடிக்குக் கீழே என்றால் குறைவு. மாநிலம் முழுவதும் இப்படி 4,133 இடங்கள் என்ற கணக்கு மழைக்காலச் செய்திகளில் பல முறை வந்திருக்கிறது. களத்தில் நிற்பவருக்கு இது கைகொடுக்கும்; எங்கே முதலில் போக வேண்டும் என்று சொல்லும். ஆனால் இது நேற்று நின்ற தண்ணீரின் அளவு. நாளை எந்தத் தெருவில் நிற்கும் என்பதை இது சொல்லாது. இடையில் ஒரு மழைநீர் வடிகால் வந்திருந்தால் பழைய இடம் பட்டியலிலிருந்து போகும். இடையில் ஒரு குடியிருப்பு வளாகம் எழும்பியிருந்தால் அதன் பக்கத்துத் தெரு பட்டியலில் ஏற வேண்டும். ஆனால் அங்கே ஒரு முறை தண்ணீர் நின்ற பிறகுதான் ஏறும்.

மழையின் அளவையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு நுங்கம்பாக்கத்து மழைமானியே சாட்சி. 1976 நவம்பர் 25 அன்று அங்கே 24 மணி நேரத்தில் பதிவான மழை 45 செ.மீ. நகரம் முழுவதையும் உலுக்கிய 2015 டிசம்பர் மழையில், 2ஆம் தேதி காலையில் அதே மழைமானி காட்டியது 29 செ.மீ. 1976இலும் அடையாறு கரை புரண்டது, கோட்டூர்புரம் மூழ்கியது. இருந்தாலும் 2015இன் அழிவுக்கு அது அருகில் வராது. ஒரு விளக்கம், மழை பெய்த இடம். 2015இல் அதே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. நகரத்தை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே விழுந்தது. இன்னொரு விளக்கம், அந்தத் தண்ணீர் இறங்கி வந்த வழியில் 39 ஆண்டுகளில் என்னென்ன முளைத்திருந்தன என்பது.

செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, ஏரி கையாளப்பட்ட விதத்தைக் கடுமையாக விமர்சித்தது. மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அந்த விமர்சனம் தேவையானதுதான். ஆனால் பொதுப்பேச்சில் அது, ஓர் அதிகாரி ஓர் இரவில் ஒரு மதகைத் தாமதமாகத் திறந்த கதையாகச் சுருங்கிவிட்டது. அடையாற்றில் அன்று ஓடியதில் செம்பரம்பாக்கத்தின் பங்கு ஒரு பகுதிதான். ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் என்று மேலே இருக்கும் ஏரிகளின் உபரி நீரும், ஏரியே இல்லாமல் நேராக ஓடிவந்த மழைநீரும் திருநீர்மலைப் பக்கம் சேர்ந்துதான் சைதாப்பேட்டைக்கு வந்தன. அந்தச் சின்ன ஏரிகளின் கலங்கலுக்கு மதகு இல்லை, அடைப்பு இல்லை. நிறைந்தால் வழியும், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காது.

மதகு இருக்கும் ஏரியிலும் நிலைமை எளிதல்ல. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. டிசம்பரில் நிறைந்த ஏரிதான் மே மாதத்துக் குழாய்த் தண்ணீர். நவம்பரில் ஏரியைக் காலியாக வைத்திருந்து, எதிர்பார்த்த புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டால், அடுத்த கோடையில் கேள்வி கேட்கப்படுவது அதே பொறியாளர்தான். இது வெறும் கற்பனை இல்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளத்துக்கு ஒரு திட்டம், வறட்சிக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாக எழுதினால் இந்த முரண் எந்தத் திட்டத்திலும் தென்படாது. இரண்டும் ஒரே ஏரியின் ஒரே இரண்டடி இடத்துக்காகப் போட்டியிடுகின்றன.

அந்த இரண்டடி ஒரு முறை கணக்கில் வந்தது. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிய நாள். செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் நண்பகலில் மதகு திறக்கப்பட்டது. முதலில் 1,000 கன அடி. பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். 24 அடி வரை காத்திருக்கவில்லை. திறப்பதற்கு முன்னால் அறிவித்தார்கள், பகலில் திறந்தார்கள், சிறிதாகத் தொடங்கினார்கள். அபாயக் குறைப்புத் திட்டத்தின் புதுப்பிப்பு என்று நான் சொல்லத் துணிவது இதைத்தான். அச்சிட்ட புத்தகம் எதுவும் வெளியாகவில்லை, விழா நடக்கவில்லை. ஓர் எண் மாறியது: 24க்குப் பதில் 22. அந்த எண்ணுக்கு விலையும் உண்டு. மேலே விட்டுவைக்கும் இரண்டடி நீரைக் கோடையில் நகரம் இழக்கக்கூடும். அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்று ஒருவர் முடிவெடுத்து, பொறுப்பையும் ஏற்கிறார். விலை இல்லாத புதுப்பிப்பு பெரும்பாலும் வெறும் அச்சுப் பிரதிதான்.

இனி அந்த வேறொரு கோப்பு.

சென்னைப் பெருநகரில் ஒரு தாழ்வான நிலத்தில் பெரிய கட்டடம் கட்ட வேண்டுமானால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி வேண்டும். அந்த நிலம் முழுமைத் திட்டத்தில் விவசாயப் பகுதி என்று குறிக்கப்பட்டிருந்தால், முதலில் நில வகைப்பாட்டை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அருகில் ஏரியோ கால்வாயோ இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், பேச்சுவழக்கில் என்ஓசி. துறையின் பொறியாளர் இடத்தைப் பார்க்கிறார், பக்கத்து நீர்நிலையின் அதிகபட்ச வெள்ள மட்டத்தைப் பார்க்கிறார். பிறகு நிபந்தனைகளோடு சான்று தருகிறார். நிபந்தனைகளில் தவறாமல் இடம்பெறுவது, மனையை மண் கொட்டி இன்ன மட்டத்துக்கு உயர்த்தி, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும் என்பது. கால்வாயை ஒட்டி இவ்வளவு இடம் விடவேண்டும், மழைநீர் வெளியேற உள்வடிகால் வேண்டும் என்பவையும் இருக்கும்.

அந்த மனையை மட்டும் பார்த்தால் இந்த நிபந்தனை முற்றிலும் சரி. அங்கே குடிவருபவரின் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் அந்த மனையில் நேற்றுவரை நின்ற தண்ணீர் எங்கே போகும்? உயர்த்தப்படாத பக்கத்து மனைக்குப் போகும். அடுத்த ஆண்டு அந்த மனைக்காரரும் விண்ணப்பிப்பார். அவருக்கும் மட்டத்தை உயர்த்தச் சொல்லிச் சான்று கிடைக்கும். கடைசியில் மட்டம் உயராமல் நிற்பவை மூன்றுதான்: பழைய குடியிருப்பு, ஏழைகளின் குடிசை, பொதுச் சாலை. வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் பழைய வீட்டுக்காரர்களிடம் பேசினால், அப்பா கட்டியபோது வாசலிலிருந்து சாலைக்கு மூன்று படி இறங்கினோம், இப்போது சாலையிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறோம் என்ற மாதிரிக் கதைகள் சர்வ சாதாரணம். ஒவ்வொரு சான்றும் விதிப்படி சரி. கூட்டிப் பார்த்தால் வெள்ளம். கூட்டிப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதுபவரின் மேசைக்கு இந்தச் சான்றுகளின் நகல் வருவதில்லை. அவர் அறிவது, மூன்று ஆண்டு கழித்துப் பாதிக்கும் இடங்களின் பட்டியலில் புதிதாக ஒரு தெரு ஏறும்போதுதான்.

பள்ளிக்கரணை இந்தக் கூட்டல் கணக்கின் விடை. ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்புநிலம் அது. தென்சென்னையின் 31 ஏரிகளின் உபரி நீர் அங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். குப்பைக் கிடங்கு, சாலைகள், ரயில் பாதை, கல்வி நிறுவனங்கள், மென்பொருள் அலுவலகங்கள் என்று எல்லாம் வந்து அமர்ந்த பிறகு, 2022இல் ஏறக்குறைய 1,250 ஹெக்டேர் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வரவேற்க வேண்டிய செய்தி. ஆனால் 31 ஏரிகளில் ஒன்றின் தண்ணீரும் குறையவில்லை. நின்று இளைப்பாற இருந்த இடம்தான் சுருங்கியது.

அந்தச் சதுப்பின் விளிம்பில் பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அகற்றி, அங்கே கட்டிய எட்டு மாடி அடுக்குகளில் குடியமர்த்தினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த அகற்றல் வேகம் பிடித்தது. கரையில் இருப்பவர்களுக்கு ஆபத்து, அவர்களால் ஆற்றுக்கும் அடைப்பு என்று சொல்லப்பட்ட காரணம், காகிதத்தில் பேரிடர் அபாயக் குறைப்புதான். ஆனால் 2015இல் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணீரில்தான் நின்றன. மாடியில் இருப்பவரின் வீடு நனையாது, உண்மை. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியதும் மின்சாரத்தை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மின்சாரம் போனால் லிப்ட் நிற்கும். மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலியாகும். ஏழாவது மாடியில் இருக்கும் மூதாட்டி நனையாமலேயே தண்ணீரில்லாமல் சிக்கிக்கொள்வார். வேலையோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பழைய இடத்தில். கரையோரப் பட்டியலிலிருந்து ஒரு குடும்பம் நீங்கியது என்று திட்டம் கணக்குக் காட்டும். அந்தக் குடும்பத்தின் அபாயம் குறைந்ததா, இடம்தான் மாறியதா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அனுபவம் இல்லாமல் இல்லை, அறிக்கைகளுக்கும் குறைவில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் மிதந்த பிறகு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2023 மார்ச்சில் முதலமைச்சரிடம் இறுதி அறிக்கை தந்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைத் தொடாமலேயே இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனபோது, அந்த அறிக்கை மக்கள் கையில் இல்லை. தன் தெருவைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு குடிமகன் பார்க்க முடியாவிட்டால், அது அரசுக்குள் நடந்த உரையாடல் மட்டுமே. அந்த வாரமே, தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து சென்னை வெள்ளத் தணிப்புக்கு 561 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. அதில் 500 கோடி ஒன்றியத்தின் பங்கு. இந்தத் தொகை திடீர் கருணை இல்லை. ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தணிப்புக்கென்று 15ஆவது நிதிக் குழு 2,500 கோடி ஒதுக்கியதில் சென்னைக்கு வரவேண்டிய பங்கு அது. ஐந்தாண்டு நிதிக்காலத்தில் பாதி கடந்த பிறகு, தண்ணீர் வடியும் முன்னே வந்தது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று திட்டத்தையும் நிதியையும் வேறு விதமாகக் கட்டியிருக்கிறது. ஒரு நகரம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தன் அபாயத் தணிப்புத் திட்டத்தைப் புதுப்பித்து ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற வேண்டும். இல்லாவிட்டால் தணிப்புக்கான மானியம் கிடையாது. போன முறை சொன்ன பணிகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்பதைப் புதிய திட்டம் சொல்லியாக வேண்டும். இதிலும் ஆலோசனை நிறுவனங்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தரும் தடித்த அறிக்கைகள் உண்டு. ஆனால் முடியாதவற்றின் பட்டியல் என்பது நல்ல யோசனை. நம் மாவட்டத் திட்டங்களில் தேடினாலும் கிடைக்காத பக்கம் அதுதான்.

வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. நிலநடுக்க வரைபடத்தில் சென்னை 2002இல் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன் கட்டப்பட்ட லட்சக்கணக்கான வீடுகள் அப்படியேதான் நிற்கின்றன. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல்தான் மாநிலப் பேரிடராக அறிவித்தது. மிக்ஜாம் இன்னொன்றையும் காட்டியது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறங்கியது. படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் கருப்பாக அப்பிக்கொண்டது. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். ஆலைகளுக்குத் தனி அவசரகாலத் திட்டம் உண்டு, நகரத்துக்குத் தனித் திட்டம் உண்டு. ஆலைக்குள் வெள்ளம் புகுந்து, ஆலையின் கழிவு நகரத்துக்குள் வந்தால் எந்தத் திட்டத்தைப் பிரிப்பது?

இப்போது பேரிடர்க் கோப்பும் கட்டட அனுமதிக் கோப்பும் சந்திக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. அதில் வெள்ள வரைபடம் பின்னிணைப்பாக இருந்தால் போதாது. நில வகைப்பாடு மாற்றத்துக்கு அதுவே நிபந்தனையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆற்றுப்படுகைக்கும் இன்னும் எவ்வளவு மண் கொட்டலாம் என்று ஓர் உச்சவரம்பு வைத்து, ஒவ்வொரு என்ஓசியும் அதிலிருந்து கழிக்கப்பட வேண்டும். வரம்பு தீர்ந்தால் சான்று கிடையாது. கொட்டும் மண்ணுக்கு ஈடாக அதே படுகையில் அதே அளவு குழி தோண்டிக் கொடு என்று கேட்கும் முறை சில நாடுகளில் இருக்கிறது. நம் பொறியாளர்களுக்குப் புரியாத கணக்கும் அல்ல. மனை விலையை அது தொடும் என்பதால், நிர்வாகத்தைவிட அரசியலுக்குத்தான் கடினம்.

இன்னொரு வாய்ப்பு சட்டத்திலிருந்து வருகிறது. 2025இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியே நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அமைக்க வழி செய்திருக்கிறது. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். வடிகாலும் சாலையும் கட்டட அனுமதியும் கையில் இருப்பவரிடமே திட்டமும் வருவது நல்லதுதான். ஆனால் அடையாற்றைப் பின்தொடர்ந்து மேலே போய்ப் பாருங்கள். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்த பிறகும் செம்பரம்பாக்கம் அதற்கு வெளியே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆதனூரும் வெளியேதான். நடுவில் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. வடக்கே ஆவடி 2019 முதலே மாநகராட்சி. சட்டத்தை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் சென்னைக்கு ஓர் ஆணையம், தாம்பரத்துக்கு ஓர் ஆணையம், ஆவடிக்கு ஓர் ஆணையம், கூடவே மூன்று நான்கு மாவட்ட ஆணையங்கள். ஏரியின் மதகு நீர்வளத் துறையிடம். நில வகைப்பாடு வளர்ச்சிக் குழுமத்திடம். தாம்பரம் தன் எல்லைக்குள் வடிகாலை அகலப்படுத்தித் தண்ணீரை வேகமாக வெளியேற்றினால், தாம்பரத்தின் திட்டத்தில் அது வெற்றி. அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் சைதாப்பேட்டைக்கு வந்து சேரும். சென்னையின் திட்டத்தில் அதற்கு இடம் வேண்டுமானால், இரண்டு ஆணையங்களுக்கும் மேலே அடையாற்றுப் படுகைக்கென்று ஒருவர், 22 அடியா 24 அடியா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தோடும், என்ஓசிகளைக் கூட்டிப் பார்க்கும் அதிகாரத்தோடும் இருக்க வேண்டும். திருத்தப்பட்ட சட்டத்திலும் அந்த நாற்காலி இல்லை. மாநில அரசு நினைத்தால் ஓர் அரசாணையில் போட்டுவிடலாம்.